நேர்க்கோடு டீச்சர்

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கும் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் நேர்க்கோடு. டீச்சர் நடந்தால் நேராக நடப்பார். பார்த்தால் நேராகப் பார்ப்பார். வராந்தாவில் யாராவது பக்கத்தில் நின்று வணக்கம் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவார். தலைக்கனம் என்று சக ஆசிரியைகள் முணுமுணுத்தார்கள். பட்டப்பெயர் டீச்சர் காதுக்கும் எட்டியது. வேறு யாராக இருந்தாலும் வகுப்பையே வெயிலில் நிறுத்தியிருப்பார்கள். இவருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது.

"நேர்க்கோடுன்னா என்ன தப்பு? கோணல்மாணலா இருக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்" என்று வீட்டில் கணவரிடம் சொல்லிச் சிரித்தார்.

கணவர் சிரிக்கவில்லை. அவர் துணியை எடுத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் வைத்த தம்ளரை டீச்சர் தட்டிவிட்டது அன்றைக்கு இரண்டாவது தடவை. மின்சார ஆபீஸில் பகல் முழுக்க ஊரார் புகாரை எழுதிக்கொள்கிற மனிதர் அவர். வீட்டில் அவர் புகாரை எழுதிக்கொள்ள ஆளில்லை.

"பார்த்து எடுக்கக் கூடாதா?"

"நீங்க பார்த்து வைக்கக் கூடாதா?"

அத்தோடு பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் அப்படித்தான் முடியும்.

மூடி மறைப்பானேன், டீச்சரின் பக்கப் பார்வை போய்க்கொண்டிருந்தது. ஒரே நாளில் போகவில்லை. மூன்று நான்கு வருடமாக, கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற மாதிரி, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. நடுவில் மட்டும் பளிச்சென்று தெரிந்ததால் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளையின் நோட்டில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பார். கண்ணைப் பற்றி அவரிடம் யார் என்ன சொல்ல முடியும்?

பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். வகுப்பின் இடது ஓரத்து பெஞ்சுக்கு லீவு பெஞ்சு என்று பெயர். அதில் உட்கார்ந்தால் தூங்கலாம், தின்னலாம், படம் வரையலாம். டீச்சர் கேள்வி கேட்க மாட்டார். மறுநாள், "நேத்து ஏன் வரலை?" என்று மட்டும் கேட்பார். வந்திருந்தேன் என்று சொன்னால் பொய் சொல்வதாக அடி விழும். அதனால் காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். அந்த பெஞ்சுக்கு ஏக கிராக்கி.

தையல்காரர் மகள் அந்த பெஞ்சில் இரண்டு வாரம் உட்கார்ந்தாள். முதல் வாரம் ஜாலியாக இருந்தது. இரண்டாம் வாரம் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. காரணம், ரோடு.

பள்ளிக்கூட வாசல் நேராக ரோட்டில் இறங்கும். இடது பக்கம் ஒரு வளைவு. வளைவைத் தாண்டினால் சரிவு. வண்டிகள் அங்கே என்ஜினை அடக்கிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கி வரும். மாலை மணி அடித்ததும் சின்ன வகுப்புப் பிள்ளைகளை எதிர்ப்பக்கம் கொண்டு விடுவது நேர்க்கோடு டீச்சரின் பொறுப்பு. 'நில்' என்று எழுதிய வட்டமான சிவப்புப் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ரோட்டில் இறங்கினால் வரிசை பின்னாலேயே இறங்கும். பதினாறு வருடமாக ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆண்டு விழாவில் இதற்கென்று அவருக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்திருந்தார்கள்.

வரிசையைச் சரிபார்க்க டீச்சர் தன் இரண்டு பக்கமும் ஏழாம் வகுப்புப் பெண்களை நிறுத்திக்கொள்வார். வலது பக்கம் நெட்டை. ஒல்லியாக உயரமாக இருப்பாள், அதனால் அந்தப் பெயர். இடது பக்கம் தையல்காரர் மகள். ஒரு நாள் டீச்சர் ரோட்டை இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருக்கும்போதே காலை எடுத்து வைத்தார். தையல்காரர் மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டி வருது மிஸ் என்று சொன்னால், எனக்குக் கண் இல்லையா என்று வரும். முன்பு ஒரு தடவை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். அந்த நொடியில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"இருங்க மிஸ், ஒரு குட்டிப் பாப்பா ஷூ லேஸ் கட்டுறா."

டீச்சர் நின்றார். மோட்டார் சைக்கிள் போனது. "போலாம் மிஸ்" என்றாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. இடது பக்கம் வண்டி வந்தால் தையல்காரர் மகள் ஷூ லேஸ் என்பாள். வலது பக்கம் வந்தால் நெட்டை, பை கீழே விழுந்துவிட்டது என்பாள். இரண்டு பேரும் யாரிடமும் மூச்சு விடவில்லை. வெளியே தெரிந்தால் டீச்சரை ரோட்டு வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள், டீச்சர் தங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார் என்ற பயம். கொஞ்சம் பாவமாகவும் இருந்தது அவர்களுக்கு. இப்படியே ஐந்து மாதம் ஓடியது. ஐந்து மாதமாக நூறு சின்னப் பிள்ளைகளின் உயிர் இரண்டு பன்னிரண்டு வயதுப் பெண்களின் பொய்யில் தொங்கிக்கொண்டிருந்தது.

டீச்சருக்கு எரிச்சலாக இருந்தது. "இந்தப் பள்ளிக்கூடத்துல லேஸ் கட்டத் தெரிஞ்ச பிள்ளை ஒண்ணுகூட இல்லையா?" என்று தினமும் திட்டினார். தையல்காரர் மகள் சோம்பேறி, எதையாவது சாக்குச் சொல்லி நேரத்தைக் கடத்துகிறவள் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார். டீச்சர் ஒரு முடிவு கட்டினால் அதை அவிழ்க்க யாராலும் முடியாது.

ஒரு வியாழக்கிழமை வகுப்பில் புது சிறுகதை ஆரம்பித்தார். கதை சின்னதுதான். ஒரு கடிகாரக் கடைக்காரர். ஒற்றைக் கண்ணில் சின்னக் கண்ணாடிக் குழலை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை கடிகாரத்தின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பவர். ஒரு நாள் ஆற்றில் வெள்ளம் வருகிறது. தெருவே ஓடுகிறது. அவர் தலை நிமிரவில்லை. தண்ணீர் மேஜைக்கு ஏறிக் கடிகாரம் மிதந்த பிறகுதான் நிமிர்கிறார். அதற்குள் கடையில் யாருமில்லை, கதவும் திறக்கவில்லை. அங்கே கதை முடிகிறது.

டீச்சர் இந்தக் கதையைப் பதினோரு வருடமாக எடுக்கிறார். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதுகூட மனப்பாடம். படித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "இதுதான் குறுகிய பார்வை. தன் வேலை, தன் எண்ணம், தன் மூக்கு நுனி. சுத்தி என்ன நடக்குதுன்னு பார்க்கவே மாட்டான். இப்படிப்பட்ட ஆளுங்க கூட இருக்கிறவங்களையும் சேர்த்துக் கெடுத்துடுவாங்க."

பிள்ளைகள் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லீவு பெஞ்சில் ஒருத்தி வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"வெள்ளம் வந்தும் கடிகாரக்காரர் ஏன் எழுந்திருக்கவில்லை? அரைப் பக்கம். நாளைக்கு நோட்டு மேஜை மேல இருக்கணும்."

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் ஓய்வறையில் உட்கார்ந்து நோட்டுகளைத் திருத்தினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திருத்துவார் என்று அவருக்குப் பெயர். வகுப்பு மானிட்டர் பிரமாதமாக எழுதியிருந்தாள். சுயநலம், பிடிவாதம், குறுகிய மனப்பான்மை என்று டீச்சர் சொன்னதெல்லாம் வரிசையாக இருந்தது. பத்துக்குப் பத்து. தையல்காரர் மகளின் நோட்டு கடைசிக்கு முந்தியது.

'கடிகாரக்காரர் வேண்டும் என்று உட்காரவில்லை. அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடிக் குழலுக்கு உள்ளே தெரிவது மட்டும்தான் அவருக்கு உலகம். தனக்குத் தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை. கூட இருந்தவர்கள் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவருக்குக் கோபம் வரும் என்று சொல்லாமல் இருந்துவிட்டார்கள். எனக்கும் அப்படி ஒருவரைத் தெரியும். அவர் நல்லவர். எனக்கு அவரை நினைத்தால் பயமாக இருக்கிறது.'

டீச்சர் இதை இரண்டு தடவை படித்தார். அந்தக் கடைசி மூன்று வரியில் எல்லாமே இருந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்தது வேறு. கேட்ட கேள்வியை விட்டுவிட்டுப் புத்திசாலித்தனம் காட்டுகிறாள், பாடத்தையே மாற்றி எழுதுகிறாள் என்று கோபம் சுர்ரென்று ஏறியது. 'கேள்விக்குத் தொடர்பில்லாத விடை. சுழியம்' என்று எழுதிச் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். கோடு நேராக இருந்தது.

கடைசி மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அவளை எழுப்பி நிறுத்தினார்.

"மானிட்டர் எழுதின விடையை இருபது தடவை எழுதிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்."

"சரி மிஸ். கேட்டுல வேலை முடிச்சுட்டு வந்து எழுதுறேன் மிஸ்."

"கேட்டுக்கு நீ வர வேண்டாம். மானிட்டர் வருவா."

தையல்காரர் மகளின் முகத்தில் ஈ ஆடவில்லை. "மிஸ், இன்னைக்கு மட்டும் நான் வரேன் மிஸ். நாப்பது தடவை எழுதுறேன்."

"அங்க வந்து லேஸ் கதை சொல்லவா? உட்காரு."

டீச்சர் போர்டைத் துடைக்கத் திரும்பியபோது அவள் மானிட்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இடது பக்கம் நீ பார்த்துக்கோ. மிஸ் பார்க்க மாட்டாங்க. வண்டி வந்தா லேஸ்னு சொல்லு."

"மிஸ் பார்த்துப்பாங்க. உனக்கென்ன வந்துச்சு?" என்று மானிட்டர் கையை உதறினாள். நல்ல பிள்ளை. டீச்சர் சொல்லாததை அவள் இதுவரை செய்ததே இல்லை.

மணி அடித்தது. வாசலில் வரிசை நின்றது. டீச்சர் பலகையைத் தூக்கினார். வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். ரோடு காலி. மானிட்டர் குனிந்து வரிசையில் ஒரு குழந்தையின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இடது பக்கத்திலிருந்து ஒரு குரலும் வராததில் டீச்சருக்கு நிம்மதியாக இருந்தது. இன்றைக்காவது சாக்குப்போக்கு இல்லாமல் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு இறங்கினார்.

ரொட்டிக் கம்பெனி வேன் சரிவில் வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹார்ன் அடித்தான், பிரேக்கை மிதித்தான், வண்டியைச் சுவர் பக்கம் ஒடித்தான். வேன் டீச்சருக்கு ஒரு முழம் தள்ளிக் கடந்து வரிசையில் இரண்டாவதாக வந்த குழந்தையின் காலில் ஏறி நின்றது. இரண்டாம் வகுப்புப் பெண். அவள் கத்தவே இல்லை. மேலே வகுப்பறையில் தையல்காரர் மகள் ஏழாவது தடவை எழுதிக்கொண்டிருந்தாள். பிரேக் சத்தம் கேட்டதும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

குழந்தையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு ஆளாளுக்கு அடித்தார்கள். வாயில் ரத்தத்தோடு அவன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான்.

"அந்த அம்மா என்னையப் பார்த்துக்கிட்டேதான் இறங்குனாங்க. என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே."

யார் நம்புவார்கள்? போலீஸ் வந்தது. டீச்சரின் குரல் நடுங்கவில்லை. "ரெண்டு பக்கமும் பார்த்தேன். ரோடு காலியா இருந்தது. இந்த ஆள் எங்கிருந்தோ அசுர வேகத்துல வந்தான்." போலீஸ்காரர் எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பதினாறு வருடத்து நல்ல பெயர் அந்தக் கையெழுத்தில் இருந்தது. டிரைவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போதும் அவன் திரும்பி டீச்சரைப் பார்த்தான். அவன் பக்கவாட்டில் இருந்ததால் டீச்சருக்கு அது தெரியாது.

திங்கட்கிழமை காலை தையல்காரர் மகள் ஓய்வறை வாசலுக்கு வந்தாள். இருபது தடவை எழுதிய தாளை நீட்டினாள். நீட்டிவிட்டு நகரவில்லை.

"என்ன?"

"மிஸ், லேஸ் எல்லாம் பொய் மிஸ். வண்டி வரும்போதுதான் அப்படிச் சொல்வேன். நெட்டையும் அப்படித்தான். உங்களுக்கு ஓரத்துல தெரியல மிஸ்."

"யார் சொல்லிக் குடுத்தா? அந்த டிரைவர் வீட்டு ஆளுங்களா?"

அவள் பதில் சொல்லாமல் இரண்டு அடி நகர்ந்து டீச்சரின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். டீச்சர் அவள் போய்விட்டாள் என்று நினைத்தார். "பதில் சொல்லாம ஓடுது பாரு, திமிரு" என்றார்.

"இங்கதான் மிஸ் நிக்கிறேன்" என்றது குரல், கைக்கெட்டும் தூரத்தில்.

டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஆனால் அவர் நேர்க்கோடு ஆயிற்றே, லேசில் வளைவாரா? அன்று மதியமே அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் கையால் ஒரு சீட்டு வாங்கி அந்தப் பெண்ணின் முகத்தில் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் படித்தார். "எழுதிக் குடுத்துடுங்க, கிளம்புறேன்" என்றார். டாக்டர் அம்மா பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடந்ததைக் கேட்டார், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு இன்னொரு அறைக்கு அனுப்பினார். அங்கே பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷின். அதற்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, எங்கே சின்ன வெளிச்சம் வந்தாலும் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். டீச்சர் பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளிச்சம் வந்தது, அழுத்தினார். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. மறுபடி ஒன்று வந்தது. ஒன்றைக்கூட விடவில்லை.

"உங்க மெஷினைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்க. பாதி நேரம் சும்மாவே இருக்கு" என்றார் வெளியே வரும்போது.

மெஷின் பார்த்த பெண் டீச்சர் முகத்தைப் பார்க்காமல் தாளைக் கிழித்துக் கொடுத்தாள்.

டாக்டர் அம்மா தாளை மேஜையில் விரித்தார். இரண்டு வட்டம். இரண்டும் கரிக்கட்டையால் தேய்த்த மாதிரி கறுப்பு. நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு சின்ன இடம், கட்டை விரலால் மூடிவிடலாம்.

"இந்த வெள்ளைதான் உங்களுக்குத் தெரியுது. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைத் தின்னுடுச்சு. போனது திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாத்தச் சொட்டு மருந்து தரேன். உங்க வீட்டுல யாருக்காவது இருந்துச்சா?"

டீச்சரின் அப்பா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். டீச்சர் அதைச் சொல்லவில்லை.

"அப்படின்னா எனக்கு ஓரமெல்லாம் கறுப்பாத் தெரியணுமே. எனக்கு எல்லாம் தெளிவாத் தெரியுதே."

"அதுதாம்மா இதுல இருக்கிற கொடுமை. கறுப்பாத் தெரிஞ்சா முதல் நாளே ஓடி வந்திருப்பீங்க. தெரியாத இடத்தை மூளையே இட்டு நிரப்பிடும். அங்க சுவர் இருந்தா சுவரு, வானம் இருந்தா வானம். ஆளோ வண்டியோ நின்னா அது மட்டும் இருக்காது. தலையைத் திருப்பிப் பார்த்தாலும், வண்டி இந்தச் சின்ன வெள்ளைக்குள்ள விழலைன்னா தெரியாது. காலியா இருக்கிற மாதிரியே தெரியும்."

ரோடு காலியாக இருந்தது என்று தன் வாயால் சொன்னது, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது, ரத்தம் ஒழுகும் டிரைவரின் வாய். எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இத்தனை வருடத்தில் பொய் என்று எத்தனை பிள்ளைகளை அடித்திருப்பார். வந்திருந்தேன் மிஸ் என்று அழுத முகமெல்லாம் அவர் முன்னால் வந்து நின்றது. ஐந்து மாதமாகத் தினமும் மாலையில் அவர் குழந்தைகளை அழைத்துக்கொண்டு எதில் இறங்கினார் என்பது இப்போதுதான் புரிந்தது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தலைமையாசிரியைக்குப் போன் செய்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாருகிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல மேடம்."

"சொல்லாதீங்க. இது தெரிஞ்சா பள்ளிக்கூடத்தை மூட வச்சிடுவாங்க. உங்க வேலையும் போகும், கேஸும் உங்க மேல திரும்பும். அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு மருந்தைப் போட்டுக்கிட்டு இருங்க. டிரைவருக்கு என்ன, ஆறு மாசமோ ஒரு வருஷமோ. வந்துடுவான்."

டீச்சர் போனை வைத்தார். தாளை நான்காக மடித்துக் கையிலேயே பிடித்துக்கொண்டார். பைக்குள் வைத்தால் மனசு மாறிவிடுமோ என்று பயமாக இருந்தது.

போலீஸ் ஸ்டேஷன் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே இருந்தது. நடுவில் ஒரு ரோடு, அவ்வளவுதான். டீச்சர் விளிம்பில் வந்து நின்றார். எதிர்ப்பக்கத்து ஸ்டேஷன் போர்டின் ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். ஒரு வண்டியும் இல்லை. இத்தனை நாளும் இதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். இன்றைக்குக் கால் வரவில்லை.

பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி மூச்சுச் சத்தம் கேட்டது. கழுத்தை முழுக்கத் திருப்பினார். கையில் மருந்துப் பையோடு ஓர் அம்மா நின்றிருந்தாள்.

"ஏம்மா, வண்டி ஏதாவது வருதா, கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னங்க இப்படிக் கேக்குறீங்க? அதோ இடது பக்கம் லாரி ஒண்ணு, பின்னாலயே பஸ் ஒண்ணு வருது. அதைப் பார்த்துக்கிட்டேதானே இருந்தீங்க?"

டீச்சர் மறுபடி அந்தப் பக்கம் பார்த்தார். ரோடு காலியாக இருந்தது.